மல்லன் காமாவின் தோள்வலிமை

சென்ற ஐப்பசியிலே, மழை சற்றே விட்டிருந்த ஒரு பிற்பகலில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று என்னை ஒரு வினா வினவினான். "சேர், உலகத்திலேயே பெரிய பலசாலி ஆர்?" நான் அப்பொழுது கற்பித்துக்கொண்டிருந்ததோ புணர்ச்சி விதி. வினாவுக்கும் பாடத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் பின்வரிசைப் பையன்கள் இடைவேளை முழுவதும் இதைப்பற்றியே வாதிட்டிருக்கிறார்கள் என்பதை அவர்களுடைய முகங்களே காட்டின. தொலைக்காட்சியிலே தோன்றும் மேல்நாட்டு மல்லர்களின் பெயர்களை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். ஒருவனுடைய தோளை ஒருவன் புகழ்ந்தான். மற்றொருவனுடைய எடையை வேறொருவன் கிலோக்கணக்கிலே ஒப்புவித்தான். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று கூறி வகுப்பை முடித்தேன்.

தமிழாசிரியனுக்கு இவ்வினாவோடு என்ன உறவு என்று சிலர் எண்ணலாம். படித்தவர் என்று பெயர் பெற்ற நம்மிடையே உடல்வலிமையைச் சற்றுத் தாழ்வாக நோக்கும் வழக்கம் ஒன்று உண்டு. 'பயில்வான்' என்று ஒருவரைச் சொன்னால், அறிவு அவ்வளவாக இல்லாதவர் என்றும் ஒரு பொருள் அதனுள் ஒட்டிக்கொள்கிறது. நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் பாடினார். நக்கண்ணையார் அவ்வீரனிடம் தாம் கொண்ட காதலையே பாட்டாக்கினார். புறநானூற்றின் 80ஆம் பாட்டு முதல் 85ஆம் பாட்டு வரை ஆறு பாட்டுகள் அவனுக்கே உரியன. மல்லன் ஒருவனுடைய கால்கள் எங்கே ஊன்றின, முழந்தாள் எங்கே அழுந்தியது என்பதைக்கூடக் கூர்ந்து நோக்கிய புலவர்கள் அவர்கள். பல்லவருள் முதலாம் நரசிம்மவர்மன் தன்னை 'மாமல்லன்' என்று அழைத்துக்கொண்டான். ஏழாம் நூற்றாண்டு மன்னனின் அப்பட்டப்பெயரை ஒரு கடற்கரை நகரம் இன்றும் தாங்கி நிற்கிறது. ஆகவே, என் மாணவனுடைய வினா தமிழ்ப் பாடத்துக்குப் புறம்பானதன்று என்றே எனக்குப் பட்டது.

அன்றிரவு எனக்குள்ளே பல பெயர்கள் வந்து போயின. நம் தலைமுறையினருக்கு முதலில் நினைவுக்கு வருவார் தாரா சிங். 1928இல் பஞ்சாப்பிலே பிறந்து, ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் ஏறக்குறைய 130 கிலோ எடையும் கொண்டு விளங்கி, 2012இல் மறைந்தவர். அங்கேரியரான எமில் சாயா, 'கிங் காங்' என்ற பெயருடன் ஆசியா முழுவதும் சுற்றியவர். அந்த மலையுடல் மனிதரோடு தாரா சிங் பொருத கதைகள் தமிழர் வாழும் ஊர்களிலெல்லாம் பேசப்பட்டன. பின்னர் 1987இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய இராமாயணத் தொடரிலே அனுமனாகத் தோன்றியபோது, அவ்வுடலுக்கு வேறொரு வேடம் தேவைப்படவில்லை.

ஆயினும், நான் தேடிச் சென்றது அவருக்கும் முற்பட்ட ஒருவரை. அவர் உயரம் ஐந்தடி ஏழு அங்குலந்தான். எங்கள் கிரான் சந்தியிலே நெல்மூடை ஏற்றும் இளைஞருள் அவரைவிட நெடியவர் பலரைக் காணலாம். குலாம் முகம்மது என்பது அவர் இயற்பெயர். காமா என்பது உலகம் அழைத்த பெயர்.

காமாவின் பழைய ஒளிப்படம் ஒன்று உண்டு. அதைக் கண்டவர் எளிதில் மறவார். கச்சை ஒன்றைத் தவிர வேறு உடையில்லை. தலைக்கும் தோளுக்கும் இடையே கழுத்து என்று தனியாக ஒன்றைச் சுட்டுதல் அரிது. செவியின் கீழிருந்தே தோள் சரிந்து இறங்குகிறது. மார்பு அகன்று கதவுபோல் நிற்கிறது. தொடைகள் முதிர்ந்த மருதமரத்தின் அடியை நினைவூட்டுகின்றன. இன்றைய உடலழகுப் போட்டிகளிலே தசைகள் ஒவ்வொன்றும் வரம்பு கட்டிய வயல்போலப் பிரிந்து தெரியக் காண்கிறோம். காமாவின் உடலிலே அத்தகைய பிரிவுகள் இல்லை. முழு உடலும் ஒரே வார்ப்பாக இருக்கிறது. காட்டுவதற்காக அன்றி, வேலைக்காக அமைந்த உடல் அது.

அவ்வுடல் எவ்வாறு அமைந்தது? 1878இல், மற்கலையே குடித்தொழிலாகக் கொண்ட ஒரு காஷ்மீர மரபுக் குடும்பத்திலே காமா பிறந்தார். தந்தை முகம்மது அசீஸ் பக்ஷும் மல்லரே. தாதியா அரசவையின் ஆதரவு பெற்றவர். பிள்ளைக்கு ஆறு வயதானபோது தந்தை இறந்தார். தாய்வழிப் பாட்டனாரும், அவருக்குப் பின் மாமன் ஈடா பயில்வானும் பயிற்சி தந்தனர். 1888இல் சோதுப்பூர் மன்னர் ஒரு போட்டி நடத்தினார். நானூற்றுக்கு மேற்பட்ட மல்லர் கூடி, யார் நெடுநேரம் பஸ்கி எடுப்பார் என்று பார்க்கும் போட்டி. ஒருவர் பின் ஒருவராக ஓய்ந்து வீழ, எஞ்சி நின்ற பதினைவருள் ஒருவன் பத்து வயதுச் சிறுவன். மன்னர் அவனையே வெற்றியாளன் என்று அறிவித்தார். அச்சிறுவனே காமா.

பஸ்கியும் தண்டாலுமே அவர் உடலைக் கட்டிய இரண்டு கொத்தர்கள் என்னலாம். பஸ்கியைப் பிள்ளையார் முன்னிலையில் நாம் போடும் தோப்புக்கரணத்தின் உறவினன் என்று கொள்க: குதிகாலை உயர்த்தி, கைகளை வீசி, மூச்சோடு இசைந்து இருந்தெழுவது. தண்டாலோ உடலை வில்லாக வளைத்து, மார்பைத் தரைக்கருகே வழுக்கிச் செலுத்தி, பாம்பு படமெடுப்பதுபோல் எழுவது. இதிலே தோளும் மார்பும் மட்டுமன்றி முதுகும் இடுப்பும் தொடையின் பின்புறமும் ஒருங்கே உழைக்கின்றன. நாளொன்றுக்கு மூவாயிரம் தண்டாலும் ஐயாயிரம் பஸ்கியும் அவர் செய்தார் என்பது வழிவழி வரும் கணக்கு. கணக்கிலே ஆயிரம் குறைந்தாலும் வியப்புக் குறைவதில்லை. இவ்வளவு முறை திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி தசையை வளர்ப்பதோடு நில்லாது, நெஞ்சையும் நுரையீரலையும் சலியாதவையாக்குகிறது. காமாவின் உண்மையான படைக்கலம் இதுதான் என்பதைப் பின்னர் காண்போம்.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். வடநாட்டு மற்களமாகிய கோதா, மண்ணால் ஆனது. எண்ணெயும் மோரும் மஞ்சளும் கலந்து பதப்படுத்திய அம்மண்ணை நாள்தோறும் மண்வெட்டியால் கொத்திப் புரட்டிய பின்னரே மல்லர் அதிலே இறங்குவர். கொத்துவதும் பயிற்சியின் ஒரு கூறு. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வயல்களே கண்முன் வந்தன. பெரும்போகத்துக்கு வரம்பு கட்டும் உழவர், முழங்கால் ஆழச் சேற்றில் நின்று, ஈரமண்ணை மண்வெட்டியால் அள்ளி அள்ளி வைக்கும்பொழுது அவர் முதுகு அசைவதைக் கண்டிருக்கிறேன். காமாவின் கலை மண்ணிலிருந்து எழுந்த கலை. அதனாலேயே போலும், அவரைப்பற்றிச் சொன்னால் எங்கள் ஊரார் எளிதில் விளங்கிக்கொள்கிறார்கள்.

இளமையில் அவர் எதிர்கொண்ட பெரும்பகைவர் ரகீம் பக்ஷ் சுல்தானிவாலா. ஏழடியை அணுகும் உயரம். காமாவைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். 1895இல் இருவரும் மோதினர். பதினேழு வயது இளைஞனை அப்பெருமல்லர் சிறிது நேரத்தில் வீழ்த்திவிடுவார் என்றே கூடியிருந்தோர் எண்ணினர். காலம் கடந்தது, இளைஞன் வீழவில்லை. வெற்றி தோல்வியின்றியே போர் முடிந்தது. பல ஆண்டுகளின் பின், அலகாபாத்திலே நிகழ்ந்த போரில்தான் காமா ரகீமை வென்று இந்தியாவின் முதன்மை மல்லர் என்னும் பட்டத்தைப் பெற்றார்.

அதற்கு முன்பே உலகம் அவரை அறிந்துவிட்டது. 1910இல் தம் தம்பி இமாம் பக்ஷுடனும் வேறு சில மல்லருடனும் அவர் இலண்டன் சென்றார். அங்கே உயரம் போதாது என்று கூறி அவரைப் போட்டியிலே சேர்க்க மறுத்தனர். காமா வாதாடிக்கொண்டிருக்கவில்லை. எந்த எடையினராயினும் வருக, குறித்த நேரத்துள் வீழ்த்துவேன் என்று ஓர் அரங்கிலிருந்து அறைகூவல் விடுத்தார். முதலில் அதை விளம்பரத் தந்திரம் என்றே பலரும் கருதினர். அமெரிக்கரான பெஞ்சமின் ரோலர் என்னும் மருத்துவ மல்லர் முன்வந்தார். காமா அவரை இரண்டு முறையும் வீழ்த்தினார். தம்பி இமாம் பக்ஷ், சுவிட்சர்லாந்து மல்லர் ஜான் லெம்மை வென்றார். அதன் பிறகு நகைத்தவர் வாயடைத்தனர்.

அக்காலத்தை நாம் சற்று நினைவிற்கொள்ள வேண்டும். அதே 1910ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அமெரிக்காவின் ரீனோ நகரிலே கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன், வெள்ளையர் தம் நம்பிக்கையாகக் கொணர்ந்த ஜெஃப்ரீசைக் குத்துச்சண்டையில் வென்றார். அச்செய்தி கேட்டு அந்நாட்டின் பல நகரங்களில் கலவரம் மூண்டது. ஆளப்படும் இனத்தார் உடலாலும் தாழ்ந்தவர் என்னும் எண்ணம் பேரரசுகளின் அடித்தளங்களில் ஒன்றாக இருந்தது. அவ்வெண்ணத்தை நூல்களால் மறுத்தவர் உளர். மேடைகளில் மறுத்தவர் உளர். காமா தம் தோளினால் மறுத்தார்.

1910 செப்டம்பர் 10ஆம் நாள், இலண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கிலே போலந்து மல்லர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோவுடன் அவர் மோதினார். உலகின் தலைசிறந்த மல்லருள் ஒருவர் ஸ்பிஷ்கோ; காமாவைவிடப் பெரிதும் எடை மிக்கவர். தொடங்கிய சிறுபொழுதிலேயே காமா அவரைத் தரையிலே தள்ளினார். தள்ளியதுதான் தாமதம், ஸ்பிஷ்கோ குப்புறப் படுத்துக்கொண்டார். புரட்டினாலன்றி வெற்றியில்லை, அப்பெரிய உடலோ ஆமைபோல் நிலத்தைப் பற்றிக்கொண்டது. இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகக் காமா முயன்றார். இறுதியிலே வெற்றி தோல்வியின்றி ஆட்டம் நிறுத்தப்பட்டது. மீண்டும் மோத 17ஆம் நாள் குறிக்கப்பட்டது. அன்று காமா வந்தார், ஸ்பிஷ்கோ வரவில்லை. 'ஜான் புல்' கச்சை காமாவின் இடையை அடைந்தது.

இவ்விடத்தில் வாசகர் ஸ்பிஷ்கோவை இகழ்ந்துவிடலாகாது. பதினெட்டு ஆண்டுகளின் பின், 1928 சனவரியிலே, அவர் இந்தியாவுக்கே வந்தார். பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் அப்போட்டியை நடத்தினார். காமாவுக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்பிஷ்கோவும் ஏறக்குறைய அவ்வயதினரே. நாற்பத்தெட்டு அல்லது நாற்பத்தொன்பது வயதிலே, பழைய கணக்கைத் தீர்க்கக் கடல்கடந்து எதிரியின் மண்ணுக்கே வருவது சிறிய ஆண்மையன்று. ஆனால் அன்று கோதாவிலே நிகழ்ந்தது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. இலண்டனில் இரண்டரை மணியிலும் புரளாத உடல், பாட்டியாலாவில் கண்ணிமைக்கும் பொழுதில் முதுகால் மண்ணைத் தொட்டது.

வியந்து பேசும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 1902இல் பரோடாவிலே 1200 கிலோ எடையுள்ள கல்லைக் காமா தூக்கினார் என்று பலரும் எழுதுகிறார்கள். 2016இல் எடி ஹால் என்னும் ஆங்கிலேயர் 500 கிலோ எடையை இரும்புத்தண்டிலே பூட்டித் தரையிலிருந்து உயர்த்தியபோதே, மனித உடலின் எல்லை இதுதானோ என்று உலகம் திகைத்தது. அம்முயற்சியில் அவர் மயங்கியும் வீழ்ந்தார். அவ்வாறாயின் 1200 கிலோவை மார்பளவுக்கு ஏந்தினார் என்பதை எப்படி ஏற்பது? கல்லைப் புரட்டியிருக்கலாம்; அசைத்திருக்கலாம். அன்பு மிகுந்த நாவுகள் புரட்டியதைத் தூக்கியதாக்கிவிட்டன போலும். மாணவர்க்கு நான் இதை மறைப்பதில்லை. உண்மையாக நிகழ்ந்தவையே காமாவுக்குப் போதும். பொய்க்கல் ஒன்றை அவர் தலையிலே ஏற்றுவது அவருக்கு நாம் செய்யும் சிறப்பாகாது.

இனி, நான் இக்கட்டுரை எழுதக் காரணமான பகுதிக்கு வருகிறேன்.

1947இல் நாடு இரண்டாகப் பிளவுண்டபோது காமா லாகூரிலே, மோகினி வீதிப் பகுதியிலே வாழ்ந்தார். அயலிலே இந்துக் குடும்பங்கள் பல இருந்தன. பஞ்சாப் முழுவதும் குருதியாறு ஓடிய நாள்கள் அவை. ஒரு கும்பல் அவ்வீதியை நோக்கி வந்தபோது, ஏறக்குறைய எழுபது வயதான அம்முதியவர் தம் உறவினரும் மாணாக்கருமான மல்லர்களோடு அயலவர் வீடுகளின் முன்னே போய் நின்றார் என்று சொல்லப்படுகிறது. இவர்களைத் தொடுவதாயின் முதலில் என்னைத் தொடு என்பதே அவர் நிலை. முன்னே வந்தவன் அறை ஒன்று வாங்கினான், கும்பல் கலைந்தது. பின்னர் அக்குடும்பங்கள் எல்லை கடந்து செல்லவும் அவர் உதவினார் என்பர்.

இதை முதன்முதலிலே படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எனக்கு 1990ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. எங்கள் மட்டக்களப்பு நாட்டிலே தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில், ஒரே வாவித் தண்ணீரையும் ஒரே வயல்வெளியையும் பங்கிட்டு வாழ்ந்தவர்கள். அவ்வாண்டிலே இருபுறத்தும் உயிர்கள் வீழ்ந்தன. நேற்றுவரை ஒரே வண்டியிலே சந்தைக்குப் போனவர்கள் ஒருவரையொருவர் கண்டு அஞ்சினார்கள். அந்நாள்களில் ஓரிரவு, எங்களிடம் நெல் வாங்க வந்துபோகும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் ஊருக்குத் திரும்ப வழியின்றி எங்கள் வளவுக்குள் வந்தார். என் தந்தையார் அவரைக் 'காக்கா' என்று அழைப்பார்; அவர் என் தந்தையாரைத் 'தம்பி' என்பார். என் தந்தையார் மிக மெலிந்தவர். இழுப்பு நோயும் உண்டு. அவருடைய தோளிலே ஒரு துவாய் கிடந்தால் துவாய்தான் கண்ணுக்குத் தெரியும்.

அன்றிரவு அவர் வியாபாரியை உள்ளறையிலே படுக்கவைத்துவிட்டு, கடப்படியிலே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விடியும்வரை இருந்தார். "ஆரும் வந்தா என்ன செய்வீங்க?" என்று அம்மா கேட்டார். "வந்தாத்தானே" என்றார் தந்தையார். யாரும் வரவில்லை. வந்திருந்தால் அவரால் எவரையும் அறைந்திருக்க முடியாது, தள்ளியிருக்கவும் முடியாது. அதை அவரும் அறிவார். ஆயினும் இருந்தார். விடிந்ததும் தாமே கூடச்சென்று வியாபாரியை அவர் ஊர் எல்லையிலே விட்டுவந்தார். அதைப்பற்றிப் பின்னர் ஒருநாளும் அவர் பேசியதில்லை.

காமாவின் தோள்களை நான் வியப்பது இன்றும் குறையவில்லை. ஆனால் லாகூர் வீதியில் அவர் நின்ற நிலையை நினைக்குந்தோறும், எங்கள் கடப்படியிலே கிடந்த அக்கதிரையும் உடன் நினைவுக்கு வருகிறது. பஸ்கியும் தண்டாலும் ஒருவனைப் பெருமல்லனாக்கலாம். அவ்வலிமையைக் கொண்டு அவன் எங்கே போய் நிற்பான் என்பதை அவை தீர்மானிப்பதில்லை. அதற்கு வேறொரு பயிற்சி வேண்டும். காமா இரண்டையும் பயின்றிருந்தார். என் தந்தையார் ஒன்றை மட்டும் பயின்றிருந்தார்.

காமாவின் கடைசி ஆண்டுகள் இன்பமானவை அல்ல. நோய் வந்தது, பணமுடையும் வந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து இந்தியத் தொழிலதிபர் பிர்லா அனுப்பிய உதவியும் அவருக்குத் துணையாயிற்று. 1960 மே 23ஆம் நாள் லாகூரிலே அவர் கண்மூடினார். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட மற்போர் வாழ்விலே தோல்வி கண்டவர் அல்லர் என்பதே அவருக்கு வழங்கும் புகழுரை.

மறுநாள் வகுப்பிலே புணர்ச்சி விதியை ஒதுக்கிவைத்துவிட்டுக் காமாவின் கதையைச் சொன்னேன். சோதுப்பூர்ச் சிறுவனைப்பற்றிச் சொன்னபோது பையன்கள் சிலர் மேசையின் மறைவிலே இருந்தெழுந்து பார்த்தார்கள். ஸ்பிஷ்கோ குப்புறப் படுத்ததைக் கேட்டுச் சிரித்தார்கள். எங்கள் கண்ணகி வழிபாட்டோடு வரும் கொம்புமுறி விளையாட்டிலே வடசேரியும் தென்சேரியும் பிரிந்து, கொக்கிபோல் மாட்டிய இரு கொம்புகளை வடம் பூட்டி இழுப்பதை அவர்கள் அறிவார்கள். "அவர் எங்கட பக்கம் இழுத்திருந்தா?" என்று ஒருவன் கேட்க, வகுப்பே ஆரவாரித்தது. லாகூர் வீதிக்கு வந்தபோது மட்டும் அமைதி நிலவியது.

மணி அடித்தபின், முதல்நாள் வினா வினவிய மாணவன் என் மேசைக்கருகே வந்தான். "சேர், அந்த வீதியில அவரோட நின்ட மத்த ஆக்கள்ர பெயர் என்ன?" என்றான். அவர் உறவினரும் மாணாக்கரும் என்று மட்டுமே சொன்னேன். அவன் சற்று நேரம் நின்றான். பிறகு, "அவங்களும் பெலசாலிதான் சேர்" என்று சொல்லிவிட்டு, வெளியே தூறத் தொடங்கியிருந்த மழையிலே புத்தகப்பையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஓடினான்.